மண்டியிட்ட ஆளும் ஜாடியும்

அதிக மாதத்தில் ஆவிகள் எதையும் கவனிப்பதில்லை. இது எங்கள் ஊர் ஆண்களின் கண்டுபிடிப்பு. மற்ற மாதங்களில் கல்லறையைத் தொட்டால் வீட்டில் ஒருவர் சாவார். அதிக மாதத்தில் தோண்டலாம், எலும்பை இடம் மாற்றலாம், உயிரோடு இருப்பவருக்குக் குழி தயாராக வைக்கலாம். சந்திர நாட்காட்டியில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு மாதம் கூடுதலாக வரும். இந்த முறை அது கோடையின் நடுவில் வந்தது.

உங்சோனில் கறுப்புக் கல் பட்டறைகள் சாலையோரம் வரிசையாக இருக்கின்றன. நான் குக் முதலாளியின் பட்டறையில் எழுத்து வேலை பார்க்கிறேன். கணினியில் சீன எழுத்துகளை அடுக்கி, ரப்பர் தாளில் வெட்டி, கல்லில் ஒட்டிக் கொடுப்பேன். முதலாளி அதன்மேல் மணலைப் பீய்ச்சுவார். ஒரு மனிதனின் பெயர் கல்லில் இறங்க இருபது நிமிடம் ஆகும்.

எங்கள் எழுத்து போதாது, கல்லில் சீன எழுத்துதான் வேண்டும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதை வாசிக்க வராது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். ஒருமுறை தாளைத் தலைகீழாகக் கொடுத்தேன். அப்போதும் ஆட்டினார்கள்.

மாதத்தின் இரண்டாம் நாள் பான் ஜேஹோ வந்தார். நாம்கோக் பான் குலச் சங்கத்தின் தலைவர். மலைகளில் சிதறிக் கிடந்த பதினான்கு கல்லறைகளை ஒரே நிலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குக் கல் வேண்டும்.

"பதினாலும் ஒரே உயரம். யாருக்கும் ஒரு விரல்கூட ஏறக் கூடாது. செத்தவங்கள்ல ஒசத்தி தாழ்த்தி கெடையாது," என்றார்.

"உங்களுக்கு?" என்றார் குக் முதலாளி.

"எனக்கு அப்புறம் பாக்கலாம். அது கொஞ்சம் பெருசா வரும்."

வம்சப் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"இதுல இருக்கறபடி வெட்டுங்க. மூணு பொருந்தணும். கல்லு, புத்தகம், அரசாங்கக் குடும்பச் சான்று. மூணுல ஒண்ணு ஒத்து வரலேன்னா ஒரு கரண்டி சாம்பல்கூட நம்ம நிலத்துக்குள்ள போகாது. நான் எழுதின விதி."

அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்று ஊருக்குத் தெரியும். அவருடைய பங்காளி ஜேசோக்குடன் ஒரு பெண் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தார். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. போன வருடம் இறந்தார். அவருடைய சாம்பல் இப்போதும் ஜேசோக்கின் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"கடைசி நாள்ல நட்டுடலாமா? மழை வந்தா?" என்று முதலாளி கேட்டார்.

"மழைக்குப் பயந்தா ஆகுமா. மாசம் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். தாண்டினா ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்த விடமாட்டேன். எங்க வீட்ல சாவு விழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க?"

பதினோராவது கல் அவருடைய தம்பி ஜேகிலுக்கு. இறந்து ஆறு வருடம் ஆகிறது. புத்தகத்தின்படி இரண்டு வரி அடுக்கினேன். முதல் வரி: மாணவர், நாம்கோக் பான் ஜேகில், கல்லறை. அரசுப் பதவி எதுவும் வகிக்காமல் செத்தவனுக்குக் கல்லில் மாணவர் என்று பட்டம். பதவி கிடைக்காமல் கடைசிவரை படித்துக்கொண்டே இருந்தான் என்று பொருள். ஜேகில் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பிறகு எதையும் படித்ததாக யாரும் சொல்லவில்லை, சாராயப் புட்டியின் சீட்டைத் தவிர.

இரண்டாம் வரி மனைவிக்கு. மனைவி உயிரோடு இருக்கிறார். ஆனால் குழி தயாராகிவிட்டது, ஆகவே வரியும் தயார். அந்த வரி ஓர் எழுத்தில் தொடங்கும். பே. எங்கள் வழக்கப்படி எழுத்தைப் பொருளோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும். ஜோடி பே. எல்லாக் கல்லிலும் எல்லா மனைவியும் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறாள். பிறகு ஒரு மரியாதைப் பட்டம். பிறகு பிறந்த குலத்தின் ஊரும் குடும்பப் பெயரும். கடைசியில், இடப்பக்கம் சேர்க்கப்பட்டவள். அவளுடைய சொந்தப் பெயர் வராது. வந்ததில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த இடப்பக்கத்து அம்மா பட்டறைக்கு வந்தார். சந்தையில் மக்கொல்லி என்னும் அரிசிச் சாராயக் கடை வைத்திருக்கிறார். ஊரில் அவரை 'ஜேகில் வீடு' என்பார்கள். கணவன் போய் ஆறு வருடம் கழித்தும் அதுதான். கையில் சோயாப்பால் நூடுல்ஸ் ஒரு டப்பா, மேலே ஐஸ்.

"தங்கச்சி, இதைச் சாப்பிடு. அப்புறம் என் கல்லை அழி."

"இன்னும் வெட்டலை அக்கா."

"அப்போ ரொம்ப நல்லது. வெட்டாதே."

குக் முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். ஆர்டர் தலைவருடையது, அவர் சொல்லாமல் ஒரு கோடுகூட எடுக்க முடியாது என்றார். மறுபடி உள்ளே போய்விட்டார். தைரியமான மனிதர் என்று நான் எப்போதும் நினைத்ததில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்கே போய்ப் படுக்க மாட்டேன். முப்பத்திமூணு வருஷம் பக்கத்துல படுத்தாச்சு. என் சாம்பலை இன்சோன்ல படகுல கொண்டுபோய்க் கடல்ல போடணும். மக கிட்டே சொல்லிட்டேன்."

"சொல்லியாச்சுன்னா சரிதானே."

"எங்கே சரி. என் மகளுக்கு அந்தப் பெரியப்பாவைக் கண்டா நாக்கு ஒட்டிக்கும். நான் செத்த அன்னைக்கு அந்த ஆள் வந்து நிப்பாரு. கல்லுல வெட்டியாச்சு, குழி காலியா இருக்கு, தூக்குங்கடாம்பாரு. யாரு மறுத்துப் பேசுவா? நானா?"

நூடுல்ஸ் சாப்பிட்டேன். குளிர்ச்சியாக இருந்தது.

"என் எழுத்து எது? காட்டு."

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இது என்ன, வேலி மாதிரி இருக்கு."

"இடது பக்கம் இருக்கறது சாராய ஜாடி. வலது பக்கம் ஆதியில ஒரு ஆள். ஜாடி முன்னால மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி எலும்புல கீறினப்போ நல்லாவே தெரியும். அப்புறம் அந்த ஆள் தேஞ்சு தேஞ்சு வேற எழுத்து மாதிரி ஆயிட்டான்."

"ஜாடி தேயலையா?"

"ஜாடி அப்படியே இருக்கு."

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"எங்க வீட்டை நேர்ல பார்த்து எழுதினானா?"

"பழைய அகராதி ஒண்ணு இதுக்கு அர்த்தம் சாராயத்தோட நிறம்னு சொல்லுது. அப்புறம் கலக்கறது, பொருத்தறது, ஜோடி சேர்க்கறது, பங்கு போடறதுன்னு போயிடுச்சு."

"வேற எங்கே வரும் இந்த எழுத்து?"

"ரேஷன்ல வரும். பார்சல் டெலிவரில வரும். நாடு கடத்தித் தீவுக்கு அனுப்பறதுல வரும். ஆட்சி பண்றதுலயும் வரும்."

"ஆட்சி அவங்க எடுத்துக்கிட்டாங்க. பார்சல் என் தலையிலே." சிரிக்காமல் சொன்னார். "சரி, அதுக்குப் பக்கத்துல?"

"யூயின். பட்டம். பழைய காலத்துல ஒன்பதாம் நிலை அதிகாரியோட சம்சாரத்துக்குக் கொடுத்தது. இப்போ செத்தவங்க எல்லாருக்கும்."

"செத்தாத்தான் பதவி உயர்வு. அப்புறம்?"

"க்வாங்சான் கிம் குலம்."

அக்கா டப்பா மூடியை எடுத்து மூடினார். பிறகு மறுபடி திறந்தார்.

"கிம்னா போட்டிருக்கு?"

"ஆமா. புத்தகத்துல அப்படித்தான்."

"நான் க்வாங்சான் டாக். டாக் மல்சுன். எங்க அப்பன் நாலாவதும் பொண்ணாப் போச்சேன்னு, இதோட போதும்னு வச்ச பேரு."

க்வாங்சான் என்றால் உலகம் கிம் என்றுதான் சொல்லும். அந்த ஊர்க் கிம்கள் பெரிய குலம். அதே ஊரில் டாக் என்றும் ஒரு சின்னக் குலம் உண்டு. அவரைக் கல்யாணம் செய்து கொண்டுவந்த வருடம் மாமனார் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தார். மறந்து எழுதினாரா, பார்க்க நன்றாக இருக்கும் என்று எழுதினாரா, தெரியாது. எதுவானாலும் முப்பத்தொன்பது வருடமாக அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. வருடத்துக்கு ஒன்பது படையலுக்கு அவர் சமைத்தார். அத்தனை பேரும் சாப்பிட்டார்கள்.

"திருத்திடலாம் அக்கா. தலைவருக்கு இப்பவே போன் பண்றேன்."

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

"அந்த விதியைச் சொல்லு. மூணு பொருந்தணும்னு ஏதோ."

சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். கல், புத்தகம், சான்று. மூன்றாவது விரலில் நின்றார்.

"அப்போ திருத்தாதே."

"அக்கா, சரிபார்க்கறதுதான் என் வேலை. தப்புன்னு தெரிஞ்சும் வெட்டினா முதலாளி என்னைத்தான் பிடிப்பார்."

"சரி. ஒரு தரம் கேளு. நேரா கேளு. பொய் சொல்லாதே. அந்த ஆள் திருத்தச் சொன்னா திருத்து."

"திருத்தச் சொன்னா நீங்க அங்கே போகணும்."

"அவரை எனக்குத் தெரியும். நீ கேளு." டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் தலைவர் அச்சுத்தாள்களில் கையெழுத்துப் போட வந்தார். பதினான்கு தாளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தலையை ஆட்டினார். பதினோராவதில் விரலை வைத்தார். பே எழுத்தின்மேல். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது போல.

"இது என்ன எழுத்து தெரியுமா?"

"சொல்லுங்க."

"ஜோடி. சமம்னு அர்த்தம். வானமும் பூமியும் மாதிரி. மகா ஆசானோட கோயில்ல பெரிய அறிஞர்களை அவருக்குப் பக்கத்துல வச்சுப் படையல் போடறாங்களே, அதுக்கும் இதே எழுத்துதான். இந்தக் காலத்துப் பொம்பளைங்க மதிப்பில்லை மதிப்பில்லைன்னு கத்தறாங்க. இதைவிட என்ன மதிப்பு வேணும்? ரெண்டாயிரம் வருஷ மதிப்பு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கோயிலில் பக்கத்தில் வைக்கப்படும் அறிஞர்களுக்கும் அந்த எழுத்துதான். ஆனால் அவர்களுக்குப் பெயர் உண்டு.

"தலைவரே, இந்த அம்மா கிம் குலம்தானா?"

"புத்தகத்துல என்ன இருக்கு?"

"கிம்னு இருக்கு. ஆனா அவங்க டாக் குலம்னு அவங்களே சொன்னாங்க. க்வாங்சான் டாக்."

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விசிறியை எடுத்து இரண்டு முறை வீசினார்.

"க்வாங்சான்னா கிம். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டுடலாமே."

"யாரை?"

"அவங்களைத்தான்."

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? எங்க அப்பா கைப்பட எழுதிக் கொடுத்தது. நாற்பது பெரியவங்க உட்கார்ந்து சரிபார்த்தது. புத்தகம் அச்சான அன்னைக்கே அவங்க கிம் ஆயாச்சு. அதுக்கு முந்தி என்னவா இருந்தா நமக்கென்ன?"

"குடும்பச் சான்றோட ஒருதரம்..."

"அது வெளியாளுங்களுக்கு. எங்க வீட்டுக்கே நான் சான்று கேப்பேனா?"

பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். எங்கள் எழுத்தில்தான் போட்டார், சீன எழுத்தில் அல்ல. தாளை மடித்து என் பையில் வைத்தேன்.

மாலையில் மணலைப் பீய்ச்சினோம். ரப்பரை உரித்தபோது கறுப்புக் கல்லில் வெளிறிய வரிகள் தெரிந்தன. நல்ல வேலை. பிறக்காத ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகக் கல் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அதிக மாதத்தின் கடைசி நாள் கல் நட்டார்கள். காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. நீலத் தார்ப்பாயின் கீழ் பான் குலத்து ஆண்கள் முப்பது பேர் தர்பூசணி தின்றார்கள். பெண்கள் வெயிலில் அடுப்பைப் பார்த்தார்கள். நானும் முதலாளியும் கடைசிக் கல்லுக்குச் சிமெண்ட் பூசினோம். மல்சுன் அக்கா தன் கடையிலிருந்து இரண்டு கெட்டில் மக்கொல்லி கொண்டுவந்திருந்தார். தலைவர் கேட்டு அனுப்பியது. கடைக்காரியிடம் கேட்டால் விலை கொடுக்க வேண்டும், தம்பி மனைவியிடம் கேட்டால் வேண்டாம்.

படையல் ஒவ்வொரு கல்லாக நடந்தது. பதினோராவது கல் முன்னால் தலைவர் செருப்பைக் கழற்றினார். பாயில் மண்டியிட்டார். கெட்டிலைப் பக்கத்தில் வைத்துக் கோப்பையில் ஊற்றினார். வலது பக்கம் மண்டியிட்ட ஆள், இடது பக்கம் சாராயம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிமெண்ட் கரண்டியைத் துடைத்தேன்.

எழுந்ததும் தலைவர் பேசினார். குலத்தின் ஒற்றுமை. முன்னோரின் நிழல். பிறகு கையால் கல்லின் இடப்பக்கத்தைக் காட்டினார்.

"ஏம்மா, இங்கே வா. இதுதான் உன் இடம். நல்லா பாத்துக்கோ. தெற்குப் பாத்த மனை. உன் மக கடல் கிடல்னு பேசறதாக் கேள்வி. அதெல்லாம் வேண்டாம்னு சொல்லு."

"நல்ல இடம் அத்தான்," என்றார் அக்கா. "அந்த விதியை இன்னொரு தரம் சொல்லுங்களேன். பின்னால நின்னவங்களுக்குக் கேக்கலை."

தலைவருக்கு அது பிடித்தது. குரலை உயர்த்தினார். கல், புத்தகம், சான்று. ஒன்று மாறினாலும் ஒரு கரண்டி சாம்பல் உள்ளே வராது. யாராக இருந்தாலும். சொல்லும்போது ஜேசோக்கைப் பார்த்தார். ஜேசோக் தர்பூசணி விதையைத் துப்பினார்.

"யாரா இருந்தாலும்தானே?"

"யாரா இருந்தாலும்."

அக்கா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். நேராக ஜேசோக்கிடம் போய்க் கொடுத்தார்.

"உங்களுக்குத்தான் கண்ணாடி இல்லாமயே படிக்க வருமே. சத்தமாப் படிங்க."

ஜேசோக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவசரமே இல்லாமல் படித்தார்.

"குடும்பச் சான்று. பெயர், டாக் மல்சுன். பூர்வீகம், க்வாங்சான். கணவர், பான் ஜேகில், இறந்துவிட்டார்." தாளைத் தாழ்த்திக் கல்லைப் பார்த்தார். "இந்தக் கல்லுல என்ன இருக்கு? யாருக்காவது படிக்கத் தெரியுமா?"

முப்பது பேரும் கல்லைப் பார்த்தார்கள். பலரும் தலையை ஆட்டினார்கள், பழக்கத்தில். கடைசியில் என்னிடம் கேட்டார்கள். சொன்னேன்.

"அப்போ இந்தக் கிம் அம்மா யாரு? ஜேகில் அண்ணன் இன்னொரு வீடு வச்சிருந்தாரா?" என்றார் ஜேசோக்.

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

தலைவரின் கழுத்து சிவந்தது. "கல்லு வெட்டினவங்க தப்பு," என்றார்.

பையிலிருந்து தாளை எடுத்தேன். கையெழுத்து இருந்த பக்கம் மேலே வரும்படி மடித்திருந்தேன். அவர் வாங்கவில்லை. குக் முதலாளி வாங்கிப் பார்த்து, நிம்மதியாக மூச்சு விட்டார்.

"சரி, கல்லை மாத்திடலாம். ஒரு எழுத்துதானே," என்றார் தலைவர்.

"மாத்தலாம்," என்றார் ஜேசோக். "ஆனா மாசம் இன்னையோட முடியுதே. கல்லை எடுத்துத் தேய்ச்சு வெட்ட நாலு நாளாவது ஆகாதா முதலாளி?"

"அஞ்சு," என்றார் குக் முதலாளி. அவரிடம் அவ்வளவு தைரியத்தை நான் பார்த்ததில்லை. "அடுத்த அதிக மாசம் மூணு வருஷம் கழிச்சு."

"கூழாங்கல்லைக்கூட நகர்த்த விடமாட்டேன்னு அண்ணன்தான் சொன்னாரு. வீட்ல சாவு விழும். அண்ணனுக்கும் எழுபத்தெட்டு ஆச்சு."

தலைவர் கல்லைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடைசியாக அக்காவைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வழி கிடைத்துவிட்டது.

"அப்போ நீ போய்ச் சான்றைத் திருத்திட்டு வாம்மா."

அடுப்புப் பக்கம் பெண்களில் ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்படித் திருத்தறது அத்தான்?"

"கிம்னு போடச் சொல்லு. ஆபீஸ்ல நம்ம ஆளுங்க இருக்காங்க."

"இந்த வயசுல நான் வேற அப்பனைத் தேடணும்," என்றார் அக்கா.

கெட்டில்களை எடுத்தார். ஒன்றில் பாதி இருந்தது. அதை ஜேசோக்கின் கோப்பையில் ஊற்றினார். மகளைக் கூப்பிட்டார். இத்தனை நேரமும் அவள் காருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

தலைவர் மற்ற மூன்று கல்லுக்கும் படையலை முடித்தார். அந்தக் கல்லை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் லாரியில் ஏறும்போது மகளின் கார் பக்கத்தில் வந்து நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"தங்கச்சி, அந்தக் கிம் அம்மா பாவம். என்னைக்காவது உன் பட்டறைக்கு வந்து விசாரிச்சா சொல்லிடு."

"என்ன சொல்ல?"

"ஜாடியைக் கையோட கொண்டுபோகச் சொல்லு. அங்கே படுத்திருக்கிற ஆள் தாகத்தோட இருப்பாரு."

கார் கீழே இறங்கியது. சந்தைக் கடையை அவர் மதியத்துக்குள் திறக்க வேண்டும்.